அடிக்கு ஒரு நூல்

ஹபீப் ரகுமானுக்கு உட்கார வேண்டும். அதற்கு மேல் அவருக்குப் பெரிய ஆசை எதுவும் மிச்சம் இல்லை. மீசை அரும்பாத வயதிலிருந்து இரும்பு கடைகிற லேத் முன்னால் நின்றவர். முதலில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பட்டறையில், அது மூடிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தப் பட்டறையில். லேத் வேலையில் உட்காருவதற்கு வழி கிடையாது. கண் சுழல்கிற இரும்பின் மேல் இருக்க வேண்டும், இரண்டு கையும் இரண்டு பிடியில் இருக்க வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தே பழகிய கால்களில் இப்போது நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருந்தது. காலையில் அவர் கிளம்பும்முன் மனைவி ஷமீமா கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பேண்டேஜ் சுற்றிவிடுவாள். மாலையில் அதைப் பிரிக்கும்போது, துணியின் இழைகள் தோலில் பதிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஷெரின் வந்தாள். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர், ஓடாமல் கிடந்த தன் பழைய நூற்புக் கூடத்தை ஊர்க்காரர்கள் வந்து பார்க்கிற காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலையைப் பொறுப்பெடுத்திருந்த இளம் இன்ஜினியர் அவள். தலையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சுத் தூசி இருக்கும். மில்களை நம்பி அந்தக் காலத்தில் ஓடிய லேத் ஒன்று வேண்டும் என்று தேடி, விசாரித்து, ஹபீப் ரகுமானின் பட்டறைக்குள் நுழைந்து, மூலையில் நின்ற பழைய லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"முதலாளிக்கு ரெண்டே கண்டிஷன்தான் அங்கிள். இங்கிலாந்துல இருந்து வந்த ஒரிஜினலா இருக்கணும். ஓடணும். ஓடுற மெஷின் பக்கத்துல ஓட்டத் தெரிஞ்ச ஆளும் வேணும்ல, அதனால நீங்களும் கூடவே வந்துருங்க. மாசச் சம்பளம். ஒரு சேர் போட்டுத் தாரோம். ஆள் வந்தா செத்த நேரம் ஓட்டிக் காட்டணும், அம்புட்டுதான்."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் உக்காந்திருங்க."

அன்று மாலையே ஷமீமா கூமாப்பட்டியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரவுக இனிமே உக்காந்துதான் வேலை பாப்பாக." சொன்னதை ஹபீப் ரகுமான் உள்ளறையில் படுத்தபடி கேட்டார். ஏதோ வெளிநாட்டில் வேலை கிடைத்தவனைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

ஒரு சங்கடம் இருந்தது. அவர் முதலில் வேலை பார்த்த, மூடிப்போன மில்லின் பட்டறையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு லேத்துகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் ஹபீப் ரகுமான், மற்றதில் ஆவுடையப்பன். இரண்டில் ஒன்றுதான் கப்பலில் வந்தது, மற்றது இறக்குமதி நின்றுபோன காலத்தில் மில்லின் ஃபவுண்டரியிலேயே அதைப் பார்த்து வார்த்தது என்று ஒரு பேச்சு உண்டு. எது எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள் வேலைக்குச் சேரும்முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டிலும் கம்பெனிப் பெயர்த் தகடு இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடித்துப் பெயின்ட் அடித்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. மில் மூடி இயந்திரங்களை விற்றபோது, அவரவர் நின்ற லேத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கல்யாண வீட்டில் பார்த்தாலும் சாவு வீட்டில் பார்த்தாலும் ஆவுடையப்பன் கேட்கிற முதல் கேள்வி, "என்ன பாய், உன் டூப்ளிகேட் ஓடுதா?"

ஆகவே ஹபீப் ரகுமான் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார். மேலே பச்சை. அதன் அடியில் மில்லின் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய நீலம். அதற்கடியில் சாம்பல், மறுபடி பச்சை, அப்புறம் கருப்பு. ரசாயனத்தைத் தடவி, குமிழ் விட்டதும் தகட்டால் வழித்தெடுப்பார். தோல் உரிந்த பழம் போலச் சுருண்டு விழும். ஒரு பக்கம் முடிந்ததும் சுவரில் சாய்ந்து நிற்பார். பட்டறையில் கவிழ்த்துப் போட்ட ஒரு டின் உண்டு. ஆனால் அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரிய பாடு என்பதால் உட்காருவதில்லை.

லேத்தின் நீண்ட அடிப்பாகத்தில், பெட் என்று சொல்வார்களே அதன் நடுவில், பல நாள் சுரண்டலுக்குப் பிறகு எழுத்து வந்தது. இரும்போடு இரும்பாக வார்த்த ஆங்கில எழுத்து. தோர்லி அண்ட் சன்ஸ், ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து. சோப்புக்கட்டியில் பொறித்த எழுத்து கொஞ்ச நாள் புழங்கிய பிறகு இருக்குமே, அப்படி மழுங்கியிருந்தது. பெயின்ட் தின்றிருக்கும் என்று நினைத்தார். விரலால் தடவினார். கால் வலிகூட ஒரு நிமிஷம் தள்ளி நின்றது.

படம் எடுத்து ஷெரினுக்கு அனுப்பினார். அவள் பதிலுக்கு ஒரு கைத்தட்டல் பொம்மை அனுப்பினாள்.

அடுத்தது ஓட வைப்பது. கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, துடைத்து, தேய்ந்த புஷ் வளையங்களை மாற்றி, எல்லாம் ஒழுங்குக்கு வந்தது, ஒன்றைத் தவிர. இடது பக்கம் கியர்களைத் தாங்கும் பிராக்கெட், ஒரு முழங்கை நீளத்து வார்ப்பிரும்பு, நடுவில் உடைந்து உடைந்து பலமுறை பற்றவைத்தது, இந்த முறை கையோடு இரண்டாக வந்துவிட்டது. வெல்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, இதில் இரும்பைவிட என் வேலைதான் அதிகம், இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். அந்தப் பிராக்கெட் இன்னொன்று எங்கே இருக்கிறது என்று ஹபீப் ரகுமானுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

ஆவுடையப்பன் லேத் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போதே கயிறு நழுவி அவன் லேத்தின் பெட்டில் விரிசல் விழுந்துவிட்டது. ஒரு நாளும் ஓட்டவில்லை. இப்போது ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் மருத்துவக் கட்டுத்துணி வெட்டிச் சுருட்டும் யூனிட் வைத்திருந்தான். வேலையை மகன்கள் பார்க்க, இவன் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பான்.

"வா பாய். டூப்ளிகேட் படுத்துட்டா?"

"ஏலே, சுரண்டிப் பாத்துட்டேன். இங்கிலாந்துன்னு எழுதியிருக்கு."

"அப்படியா? அப்போ என்துல என்ன இலங்கைன்னா எழுதியிருக்கு? வா, பாப்போம்."

லேத்தின் மேல் துணிப் பொதிகள் அடுக்கியிருந்தன. இருவரும் இறக்கினார்கள். ஆவுடையப்பன் ஒரு உளியை எடுத்து பெயின்டைக் கொத்தினான். தோர்லி என்ற எழுத்து பளிச்சென்று வந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ரெண்டுமே கப்பல்ல வந்ததுதான் போல," என்றார் ஹபீப் ரகுமான்.

"இத்தன வருசமா நான் வீணா உன்ன கேலி பண்ணியிருக்கேன், என்ன?" ஆவுடையப்பனுக்கு ஏதோ சொத்து பறிபோனது மாதிரி முகம். "சரி, பிராக்கெட்ட கழட்டிக்கோ. இது இனிமே எங்க ஓடப்போகுது. எங்கிட்ட ஒண்ணும் தரவேணாம். உக்கார வேல வந்திருக்காமே? என் வீட்ல சொன்னாக. நல்லா உக்காருப்பா. நான் ஒருத்தனா உக்காந்து பாத்துட்டேன், போரடிக்குது."

பிராக்கெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை மாட்டினார். ஒரு போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு சாண் தள்ளி இருந்த இரண்டாவது இறங்கவில்லை. துரு என்று நினைத்துத் துளையைத் துடைத்தார். பெயின்ட் என்று நினைத்துச் சுரண்டினார். முதல் போல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டாவதை முதலில் போட்டார். அது இறங்கியது, இப்போது மற்றது நின்றது. துளையும் துளையும் நேருக்கு நேர் வரவில்லை. ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் இஞ்சுக்கு, கொஞ்சம் குறைவாக விலகி நின்றன.

உடைந்த தன் பிராக்கெட்டின் இரண்டு துண்டையும் மேசையில் சேர்த்து வைத்து, அதன் மேல் ஆவுடையப்பனுடையதை வைத்துப் பார்த்தார். ஒரே வடிவம். ஒரே வளைவு. ஆனால் மேலே இருந்தது எல்லாப் பக்கமும் ஒரு ஓரம் வெளியே தெரிந்தது. பெரிய தட்டின் அடியில் சின்னத் தட்டு மாதிரி.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முதல்முறையாக அந்த டின்னில் உட்கார்ந்தார்.

உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிறவர்கள் அந்த ஒரு நூலைச் சேர்த்து, கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். மில்லின் ஃபவுண்டரியில் அன்று இருந்தவர்களுக்கு அவசரமோ, மரத்தச்சன் இல்லையோ. கப்பலில் வந்த லேத்தைக் கழற்றி, அதன் உறுப்புகளையே மாதிரியாக மண்ணில் பதித்து இரும்பை ஊற்றியிருக்கிறார்கள். பெட், பிராக்கெட், எழுத்து எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. இங்கிலாந்து என்ற வார்த்தைகூட விடாமல் வந்திருக்கிறது, மழுங்கி, அடிக்கு ஒரு நூல் குறைந்து. கப்பலில் வந்தது ஆவுடையப்பனுடையது. தான் ஆயுசு முழுக்க நின்றது அதன் பிள்ளையின் முன்னால்.

வெளியே மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. எழுத்து இருக்கிறது, இங்கிலாந்து இருக்கிறது. டின்னைப் பிடித்து எழுந்து, பிராக்கெட்டை வைஸில் மாட்டி, வட்ட அரத்தால் இரண்டாவது துளையை ராவினார். வார்ப்பிரும்பு அரத்துக்குக் கருப்பு மாவாக உதிரும். துளை நீள்வட்டமாக ஆனது. போல்ட் இறங்கியது. மாலையில் பெல்ட் போட்டு சுவிட்சைத் தட்டினார். லேத் ஓடியது. குறட்டை விடுகிற ஒரு பெரிய மிருகம் மாதிரி சீராக ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஷெரின் வந்தாள். களைத்திருந்தாள். திறப்பு விழா நெருங்கிவிட்டது, எலக்ட்ரீசியன் போனை எடுப்பதில்லை, முதலாளி தினமும் ஒரு கலரை மாற்றுகிறார். லேத் ஓடுவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் காற்று வந்தது.

"சூப்பர் அங்கிள். இது ஒண்ணாவது முடிஞ்சுதே. பக்கத்துல வைக்க ஒரு போர்டு எழுதணும், அதுக்கு அளவு மட்டும் சரி பாத்துட்டு வாரேன்."

இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த தோர்லியின் பழைய கேட்லாக் பக்கம் அவள் போனில் இருந்தது. டேப்பை பெட்டின் மேல் நீட்டினாள். பார்த்தாள். சுருட்டிவிட்டு மறுபடி நீட்டினாள். ஹபீப் ரகுமான் கையில் இருந்த பஞ்சு வேஸ்டால் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சடி பெட்டுன்னு போட்டிருக்கு. இதுல அரை இஞ்சுக்கு மேல கம்மியா வருது." போனைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "யாராச்சும் முனைய வெட்டியிருப்பாங்களோ? பழைய மெஷின்ல அப்படிப் பண்ணுவாங்கல்ல?"

தலையை ஆட்டினால் போதும். பொய்யைக்கூட அந்தப் பெண்ணே செய்து கையில் கொடுத்துவிட்டாள். ஹபீப் ரகுமான் அந்தச் சேரை நினைத்துப் பார்த்தார். அதில் தான் உட்கார்ந்திருப்பதை, ஆள் வருவதை, எந்த ஊர் மெஷின் என்று கேட்பதை. இங்கிலாந்து என்று சொல்ல வேண்டும். நாளைக்கும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், ஆவுடையப்பன் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவான், அவன் முன்னாலும் சொல்ல வேண்டும். லேத்தாவது மாலையில் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். இந்தப் பொய் நிற்காது, இதற்கும் தினம் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது. நேர்மை என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. இன்னொரு வேலைக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"வெட்டலம்மா," என்றார். "இது அம்புட்டுதான். ஒரிஜினல் ராஜபாளையத்துல ஆவுடையப்பன் வீட்ல கிடக்கு. துணிப்பொதிக்கு அடியில."

பிராக்கெட்டைக் கழற்றி, உடைந்த துண்டுகளின் மேல் வைத்துக் காட்டினார். ஷெரின் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் வெட்டிட்டாங்கன்னே எழுதியிருப்பேன் அங்கிள்."

"தெரியும்மா."

அவள் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று முதலாளியோடு பேசினாள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ எடுத்துச் சொன்னாள். பிறகு கையை ஆட்டுவதை நிறுத்தினாள். திரும்பி வந்தபோது தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அவருக்கு ஒரிஜினல்தான் வேணுமாம். அத எடுத்துக்குறோம். விரிசல் விழுந்த பக்கத்த சுவரோட ஒட்டி வச்சுருவோம்னு சொல்லிட்டார்."

"சரிம்மா. உக்காருற வேல?"

"கேட்டேன் அங்கிள். அது ஓடாதே. ஓடாத மெஷினுக்கு ஆள் எதுக்குன்னு கேக்குறார்."

ஹபீப் ரகுமான் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை.

ஷமீமாவிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதுல்ல? நீங்களா ஏன் வாயத் தொறந்தீக?"

"பொறவு தினமும் தொறக்கணும்ல."

அவள் கரண்டியை எடுத்தாள். "தங்கச்சிகிட்ட வேற சொல்லித் தொலச்சேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

ஒரிஜினல் காட்சிக்கூடத்துக்குப் போவதானால் பிராக்கெட்டும் அதோடு போக வேண்டும். மறுநாள் அதைச் சாக்கில் சுற்றி ராஜபாளையம் கொண்டுபோனார். செய்தி ஆவுடையப்பனுக்கு முன்பே போயிருந்தது. அவன் சேரை விட்டு எழுந்து நின்றான். டூப்ளிகேட் என்ற வார்த்தையை எதிர்பார்த்து ஹபீப் ரகுமான் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை.

"எப்பவும் போல கேலி பண்ணுலே," என்றார் கடைசியில்.

"நல்லா இருக்காதுப்பா இப்போ." ஆவுடையப்பன் சாக்கைப் பிரித்தான். நீள்வட்டமான துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "அடப்பாவி. இங்கிலாந்துக்காரன் போட்ட ஓட்டைய அரத்த வச்சு ராவிட்டியே."

"புஷ் அடிச்சுச் சரி பண்ணித் தாரேன். வெளிய தெரியாது."

"உனக்கு இப்போ பிராக்கெட்டு?"

அதைத்தான் ஹபீப் ரகுமான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இருவரும் ஆவுடையப்பனின் வண்டியில் கருத்தையாவின் ஃபவுண்டரிக்குப் போனார்கள். கருத்தையா மண்ணில் மோல்டு போடுகிறவர். முழங்கை வரை கரி. பிராக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரத்துல மாதிரி செஞ்சு கொண்டாந்தீகளா?"

"இல்ல. இதையே மண்ணுல பதிங்க. ஓட்டைய மெழுகு வச்சு அடைச்சிருங்க, பொறவு நான் போட்டுக்கிடுவேன்."

"இதையே பதிச்சா சுருங்கிருமே பாய். அடிக்கு ஒரு நூல் போயிருமே. ஆதிகாலத்துத் தப்பு அது. இப்போ யாரும் பண்றதில்ல."

"போகட்டும். எனக்கு அந்த ஒரு நூல் போனாத்தான் சேரும்."

கருத்தையா ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன், "அவன் சொல்றபடி செய்ங்கண்ணே. பிள்ளைக்கு அளவு சட்ட தைக்கான்," என்றான். கருத்தையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மரப்பெட்டியை எடுத்து மண்ணைச் சலிக்க ஆரம்பித்தார். ஈரக் கருப்பு மண்ணில் பிராக்கெட்டை வைத்து அமுக்கி, மெல்லத் தட்டி, தூக்கி எடுத்தார். அதன் பள்ளம் மண்ணில் அப்படியே நின்றது. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். வந்ததும் அதை மாட்ட வேண்டும். மாட்டியதும் கட்டுத்துணி யூனிட்டுகளின் உருளைகள் கடைவதற்கு வந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எல்லாம் நின்றுகொண்டு.

ராஜபாளையம் புது பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகிற மதுரை பஸ் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் வாங்கினார். அதிசயமாக ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து காலை நீட்டினார். முன் சீட்டுக்கு அடியில் கால் தாராளமாகப் போனது. மேற்கே மலை நீலமாக, அவசரமே இல்லாமல் கூட வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மில்கள் வந்தன, போயின. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. பஸ் நின்றது. ஆட்கள் முண்டியடித்து இறங்கினார்கள், பூக்கூடையோடு ஒரு பெண் ஏறினாள். ஹபீப் ரகுமான் கைப்பிடியில் கை வைத்தார். கால்களைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விசில் ஊதி பஸ் நகர்ந்தது.

ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு கண்டக்டர் அவர் பக்கம் வந்து குனிந்து பார்த்தார்.

"பெரியவரே, வில்லிபுத்தூர்தான வாங்குனீக? தூங்கிட்டீகளா?"

"இல்ல, முழிச்சுதான் இருக்கேன்," என்றார் ஹபீப் ரகுமான். "கிருஷ்ணன்கோவிலுக்கு ஒண்ணு குடுங்க."